அழகுத்தாயின் முழுக் கூறு

அழகுத்தாய் மாட்டுத் திமிலைத் தணலில் வாட்டினால் மானாமதுரை ரயில் திருச்சுழியில் நின்றுவிடும். டிரைவர் இறங்கி, மூக்கைத் தூக்கி, "எங்கிட்டு இருந்துய்யா வருது இது?" என்று கேட்டுவிட்டுத்தான் மறுபடி ஏறுவார். இதில் உப்பும் மிளகாயும் கொஞ்சம் கூடுதல் என்பதை ஒத்துக்கொண்டே ஆகவேண்டும். அந்த ரயிலுக்குத் திருச்சுழியில் எப்படியும் நிறுத்தம் உண்டு. அவள் குடியிருந்த கீழத்தெருவுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவில் ஒரு கண்மாயும், கண் எட்டுகிற மட்டும் வேலிக்கருவைக் காடும் கிடந்தன. ஆனால் அந்த வாசம் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் போனது என்னவோ சத்தியம். போய்த் தொலைத்ததால்தான் அவள் பாடு அப்படி ஆயிற்று.

கறி சுடக் கற்றுக்கொடுத்தவன் அவள் புருசன் வெள்ளத்துரை. சந்தையில் வியாபாரிகள் வாங்கும் அடிமாடுகளை நடத்தியே மலையாளத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவன் தொழில். ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை, அப்புறம் மலை. மலைக்கு அந்தப் பக்கம் புனலூரில் மாடுகளை ஒப்படைத்துவிட்டு பஸ்ஸில் திரும்புவான். கையில் ஒரு பொட்டலம் குறுமிளகும் கிழிந்துபோன குடையும் இருக்கும். அந்த ஊர் மழைக்குக் குடை ஒரு பயணத்துக்கு மேல் தாங்காது. இந்த ஊரிலோ குடைக்கு வேலையே கிடையாது. ஆகவே குடைக்கம்பிகளைக் கழற்றி, ஆட்டுக்கல்லில் தேய்த்துக் கூராக்கி, கறி கோக்க வைத்துக்கொண்டான்.

கீழத்தெருவில் கறி என்றால் குழம்பு. மிஞ்சினால் உப்புக்கண்டம். சுட்டுத் தின்பது சட்டி சுமக்க முடியாத வழிநடைக்காரர்களின் சமையல். வெள்ளத்துரை அதை வீட்டுக்குள் கொண்டுவந்தான். உடைந்த பானையின் அடிப்பாகத்தில் கருவைக் கரியைக் கொட்டி ஊதி, மேலே சாம்பல் பூக்கும் வரை பொறுத்திருக்க வேண்டும். சிவப்பாக எரியும்போது கறியை வைப்பவன் அவசரக்காரன். வெளியே கருகும், உள்ளே பச்சையாக நிற்கும். கல்லுப்பு, வரமிளகாய், குறுமிளகு, நசுக்கிய சின்ன வெங்காயம், பல் இறங்காத கறியாக இருந்தால் பப்பாளிக்காயைச் சீவி ஒரு பிசறு. அவ்வளவுதான்.

நல்ல கறியை மலிவாக வாங்கும் சூட்சுமமும் அவன் சொன்னதுதான். திமில் பக்கம் யாரும் போக மாட்டார்கள். நுகத்தடி பட்டுக் காய்த்துப்போன இடம், செருப்புத்தோல் மாதிரி இருக்கும் என்று நினைப்பு.

"கிறுக்குப் பயலுக" என்பான் வெள்ளத்துரை. "நொகம் அழுத்துறது கழுத்த. திமிலு அதுக்குப் பின்னால சும்மா ஏறி உக்காந்திருக்கு. வேல செய்யாத சத எங்கயும் மெத்துன்னுதான் இருக்கும். நம்ம தலையாரி கன்னத்தப் பாக்கலயா?"

அழகுத்தாய் சிரித்துக்கொண்டே விசிறுவாள். கம்பியைத் திருப்புவது அவன், விசிறுவது அவள். வெந்த துண்டை உருவி அவள் வாயில் வைத்துவிட்டு அடுத்ததைத் தான் தின்பான். சுட்ட கறியைக் கம்பியிலிருந்து இறக்கிய கையோடு தின்றுவிட வேண்டும், ஆறினால் ரப்பர்.

அறுபத்தாறாம் வருசம் மாசியில் ஒரு மந்தையோடு போனான். திரும்பவில்லை.

கூடப் போனவர்களில் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னார்கள். புனலூரில் மரக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்றான் ஒருவன். அங்கே ஒருத்தியோடு குடித்தனம் என்றான் இன்னொருவன். மூன்றாவது ஆள் பால்சாமி. அவனைக் கேட்டால் தெரியும் என்றார்கள். அவனோ தென்காசிப் பக்கமே தங்கிவிட்டான். அழகுத்தாய்க்குப் பிள்ளையில்லை. மாமியார் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டாள். கருவை வெட்டிக் கரிமூட்டம் போடுகிற வேலைக்குப் போய், கறுத்துத் திரும்பி, ஒரு ஆழாக்கு அரிசி பொங்கித் தின்றுவிட்டு, அவள் பாட்டுக்கு இருந்தாள்.

அவள் ஒரு குடும்பம் என்று தெருவுக்கு நினைவூட்டிக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்று. கறிக்கூறு.

கீழத்தெருவில் கறிக்கடை கிடையாது. அருப்புக்கோட்டை டவுனுக்குப் போய் வாங்கினால் விலையும் அதிகம். பையிலிருந்து ஒரு சொட்டு ஒழுகினாலும் கண்டக்டர் பாதி வழியில் இறக்கிவிட்டுவிடுவார். அதனால் உழவுக்கு ஆகாத காளை ஒன்று தோதாக வந்தால் தெருவே சேர்ந்து வாங்கும். டவுனில் ஒரு கிலோவுக்கு அழுகிற காசுக்கு இங்கே ஒரு கூறே கிடைக்கும். அறுத்துப் பங்கு வைப்பவர் நல்லகண்ணு. பனையோலைப் பாயில் தலைக்கட்டுக்கு ஒன்றாகக் கூறு வைப்பார். ஈரல், நெஞ்செலும்பு, தொடைச்சதை எல்லாம் எல்லாக் கூறிலும் சமமாக விழும். பிறகு ஒவ்வொரு வீடும் ஒரு அடையாளத்தைச் சுளகில் போட வேண்டும். ஒருத்தர் புளியங்கொட்டை, ஒருத்தர் சோழி, ஒருத்தர் பீடிக்கட்டுச் சீட்டு. முதுகைக் காட்டி நிற்கும் ஒருவர் அவற்றை எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, வரிசையாகக் கூறுகளின் மேல் வைப்பார்கள். எந்தக் கூறில் உன் அடையாளமோ அது உன்னுடையது. சண்டை கிடையாது.

புருசன் செத்தவளுக்குச் சுளகில் இடமில்லை. அவளுக்கு அரை வரி, அரைக் கூறு. எல்லாம் முடிந்த பிறகு மிச்சம் மீதியிலிருந்து கையால் அள்ளிப் போடுவார்கள்.

அழகுத்தாய் ஒவ்வொரு தடவையும் முழுக் காசைக் கொடுத்து, சுளகில் ஒரு மாட்டு லாடத்தைப் போட்டாள். வெள்ளத்துரையின் பையில் கிடந்த லாடம். ணங்கென்று விழும். தன் தொடைச்சதையைக் கொடுத்து, யார் கூறில் திமில் விழுந்ததோ அவர்களிடம் மாற்றிக்கொள்வாள். ஆனால் சுடுவதில்லை. ஒற்றை ஆளாகச் சுட்டுத் தின்ன முடியாது என்பது அவளுக்கு முதல் தடவையே தெரிந்துவிட்டது. விசிறினால் திருப்பக் கை இல்லை. திருப்பினால் தின்ன நேரமில்லை. தின்ன உட்கார்ந்தால் மற்றது கருகுகிறது. கால் பங்கைக் குழம்பு வைத்துவிட்டு மீதியை உப்பும் மஞ்சளும் தடவிக் கண்டம் போட்டுக் கொடியில் கட்டினாள். வந்தால் கேட்பானே. அந்தக் கொடி அவள் வீட்டை மூன்று சுற்றுச் சுற்றி வந்தது. சரி, ஒரு சுற்று.

பக்கத்து வீடு நல்லகண்ணு வீடு. இரண்டு வீட்டுக்கும் ஒரே மண்சுவர். அதுவும் கூரை வரை எட்டாத சுவர். நல்லகண்ணு அவளுக்கு அண்ணன் முறை. அவர் பெண்சாதி சௌந்தரம் பொழுது சாய்ந்ததும் வெற்றிலைப் பெட்டியோடு வந்து வாசற்படியில் உட்காருவாள்.

"ஏ அழகு, இம்புட்டுக் கண்டத்த என்னடி பண்ணப் போற? கூரைக்கு வேயப் போறியா?"

"உங்க வீட்டுக்காரருக்குச் செருப்புத் தைக்கப் போறேன் மதினி."

இருவரும் சிரிப்பார்கள். அவளோடு ஒருவர் ஒரு நாளில் பேசுகிற பேச்சு அநேகமாக அதுதான்.

எழுபத்தொன்றில் ஆடி மாதத்துக் கறியின்போது ஒரு இளந்தாரி வாயைத் திறந்தான்.

"ஏண்ணே, எங்க வீட்ல ஏழு வாயி. ஒரு கூறு. அழகக்கா வீட்ல ஒரே வாயி. அதுக்கும் ஒரு கூறா?"

"அவ புருசன் இருக்காம்ல" என்றார் நல்லகண்ணு, கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எங்க இருக்காரு? கொடியில தொங்குறாரா?"

கூட்டம் சிரித்தது. நல்லகண்ணுவும் சிரிப்பை அடக்கிக்கொண்டது அழகுத்தாய்க்குத் தெரிந்தது. எல்லோரும் கலைந்த பிறகு அவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏத்தா, பய சொல்லுறதுல ஞாயம் இருக்கு. நானும் இத்தன வருசம் பல்லக் கடிச்சுக்கிட்டுப் போட்டேன். அடுத்த தடவ அரைதான். அரைன்னா காசும் அரைதானே?"

"அரை யாருக்குண்ணே போடுவீக?"

அவர் கத்தியைத் துடைத்த துணியாலேயே முகத்தையும் துடைத்தார். "ஒனக்குத் தெரியாதா தாயி?"

"எனக்குத் தெரியும். நீங்க சொல்லுங்க."

அவர் குனிந்து பாயைச் சுருட்ட ஆரம்பித்தார். அவள் நிற்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்தவள் குழம்புச் சட்டியை எடுக்கவில்லை. குடைக்கம்பிகளைக் கூரையிலிருந்து உருவினாள். இனி சுளகில் லாடம் போட முடியாது. மிச்சத்திலிருந்து அள்ளிப் போடும் கைப்பிடியில் திமில் ஒருநாளும் வராது. இதுதான் கடைசித் திமில் என்றால் கண்டம் போட்டு யாருக்கு என்ற கோபம். பானை ஓட்டில் கரியை மூட்டினாள். கதவைச் சாத்தினாள். கொழுப்பு உருகித் தணலில் சொட்டியதும் சர்ரென்று புகை எழுந்து, கூரை எட்டாத சுவர் வழியாக, ஓலைச் சந்து வழியாக, கேட்பார் இல்லாமல் தெருவுக்குப் போயிற்று.

கொஞ்ச நேரத்தில் கதவை யாரோ தட்டினார்கள்.

"ஏ அழகு! ஒன் வீட்டுக்கார அண்ணன் வந்துட்டாகளா?"

சௌந்தரம். அவளுக்குப் பின்னால் தெருவில் நாலைந்து தலைகள். அப்போதுதான் அழகுத்தாய்க்கு உறைத்தது. ஐந்தாறு வருசமாக அந்தத் தெருவில் அந்த வாசம் எழுந்ததில்லை. அந்தத் தெருவில் கறி சுடுகிறவன் ஒருத்தன்தான்.

வாய் நிறையச் சூடான கறி. இல்லை என்று சொல்வதற்கு முதலில் அதை விழுங்க வேண்டும். விழுங்கி முடிப்பதற்குள் சௌந்தரம் கதவிடுக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வீதியில் நின்ற இளந்தாரி தலையைக் குனிந்துகொண்டிருந்தான்.

"தூங்குறாக" என்றாள் அழகுத்தாய். "அலுப்பு."

"சாப்டாகளா?"

"ம்."

"சரி சரி, எழுப்பாத." சௌந்தரம் நுனிக்காலில் திரும்பிப் போனாள். "ஏ, சத்தம் போடாமப் போங்கப்பா. ஆளு நடந்து வந்திருக்கு!"

விடிந்ததும் அழகுத்தாய் வாசலைக் கூட்டிக்கொண்டே, அவுக கோழி கூப்பிடும் முன்னே கிளம்பிவிட்டாக, செங்கோட்டைக்கு அவசர லோடு என்றாள். நல்லகண்ணுவுக்குத்தான் மனத்தாங்கல்.

"வந்தவன் ஒரு பீடி குடிக்கக்கூடவா வெளிய வரல?"

"கால்ல கொப்புளம்ணே."

பொழுது உச்சிக்கு வருமுன் வெள்ளத்துரையைக் கண்மாய்க் கரையில் பார்த்தவர் ஒருவர், பஸ்ஸில் கை காட்டியதைப் பார்த்தவர் ஒருவர், மீசை நரைத்துவிட்டது என்று வருத்தப்பட்டவர் ஒருவர். ஆள் இல்லாத இடத்தில் தெரு தானே ஒரு ஆளைச் செய்துவிட்டது. அழகுத்தாய் செய்ததெல்லாம் ஒரு 'ம்' மட்டுந்தான்.

அடுத்த கறியில் அவள் லாடம் சுளகில் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. நல்லகண்ணு திமிலை முழுசாக அவள் கூறிலேயே வைத்துவிட்டு, "இருக்கட்டும், வந்தான்னா தேடுவான்" என்றார்.

ஆக, ஒவ்வொரு தடவையும் அவன் வரவேண்டியதாயிற்று.

அவள் நினைத்ததைவிட அது கஷ்டமான வேலை. புழுக்கத்தில் கதவைச் சாத்திக்கொண்டு கரி மூட்ட வேண்டும். ஒரு கையால் விசிறி, ஒரு கையால் திருப்பி, நாக்கைச் சுட்டுக்கொண்டே தின்ன வேண்டும். இரண்டு வட்டில் கழுவி வைக்க வேண்டும். அந்தச் சுவருக்காகப் பேச வேண்டும்: "இன்னும் ரெண்டு துண்டு வச்சுக்கிருங்க... போதுமா?... மெள்ளத் தின்னுங்க, யாரு வெரட்டுறா?" பதிலுக்கு ஒரு குரல் வேண்டுமே. அவளுக்கு ஆண் குரல் வராது. யோசித்துப் பார்த்து, முந்தானையை வாயில் வைத்து இருமிக் காட்டினாள். இருமல் யாருடையதாகவும் இருக்கலாம். முதல் தடவை இருமிவிட்டுத் தானே திடுக்கிட்டுச் சுற்றிலும் பார்த்தாள்.

பேசப் பேசப் பேச்சு வந்தது. கரிமூட்டத்தில் மேஸ்திரி சொன்னது, கூரையில் ஓலை மாற்ற வேண்டியது, முழங்கால் வலி. எதிர் வட்டிலில் கறி ஆறி இறுகும். கடைசியில் அதையும் அவளே மென்று விழுங்குவாள்.

அவள் எதிர்பார்க்காதது வேறொன்று. சௌந்தரம் வருவதை நிறுத்திவிட்டாள்.

கறி நாளில்தான் என்றில்லை. ஆண்பிள்ளை எப்போது வருவான், எப்போது போவான் என்று தெரியாத வீட்டு வாசற்படியில் பொழுது சாய்ந்து போய் உட்காருவது அந்தத் தெருவில் மரியாதையில்லை. வெற்றிலைப் பெட்டி எதிர்வீட்டு வாசலுக்குப் போயிற்று. மற்றப் பெண்களும் அப்படியே. குரல் கொடுத்தால் தெருவிலிருந்தே கொடுத்தார்கள். தணிந்த குரலில் கொடுத்தார்கள். புருசன் இல்லாதவளாக இருந்தபோது அவளோடு பேச ஒரு ஆள் இருந்தது. புருசன் வந்த பிறகு அதுவும் போயிற்று. பல நாள் அழகுத்தாய் உள்ளே உட்கார்ந்து, எதிர்வீட்டில் சௌந்தரம் பாக்கு இடிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். எழுந்து போய், "மதினி, யாரும் வரல, வாங்க" என்று சொல்ல நினைப்பாள். சொன்னால் அரை. வாயை மூடிக்கொள்வாள்.

எழுபத்துநாலு பொங்கல் கழிந்த மறுவாரம் தெருவுக்கு ஒரு காளை வந்தது. கிழட்டுக் காளைதான், ஆனால் எடுப்பான திமில். ஓட்டிவந்த ஆளை முதலில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. தலை முழுக்க நரைத்து, ஒரு கண் பூ விழுந்து, துண்டைத் தலையில் சுற்றியிருந்தான்.

"பால்சாமி" என்றார் நல்லகண்ணு. "அட, பால்சாமில்ல!"

மலையாளத்துக்கு மாடு பத்திக்கொண்டு போவதை விட்டுவிட்டானாம். லாரி வந்துவிட்டதாம். சொந்த மண்ணில் கிடக்கலாம் என்று நரிக்குடிக்கே திரும்பிவிட்டதாகச் சொன்னான். காசை வாங்கி மடியில் முடிந்துகொண்டு, கறி பங்கு வைப்பதை வேடிக்கை பார்க்கக் குந்தினான். பாயில் கூறுகள் வரிசையாக விழுந்தன. சுளகு வந்தது. புளியங்கொட்டை, சோழி. லாடம் ணங்கென்றது. பால்சாமி அந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்தான்.

"லாடமா? யார் வீட்டு அடையாளம்?"

"நம்ம வெள்ளத்துரை வீடு" என்றார் நல்லகண்ணு. "ஒன் கூட்டாளிதான். இப்பவும் வந்து போய்க்கிட்டுத்தான் இருக்கான். ரோட்டுல பாப்பீகள்ல?"

பால்சாமி விளையாட்டுக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்தான். பிறகு முகங்களைப் பார்த்தான்.

"என்னண்ணே சொல்லுறீக? அவன் செத்து எத்தன வருசமாச்சு! அந்த மாசி நடையிலயே, புளியரைச் சாவடியில வாந்திபேதி. மலையக்கூட ஏறல. நான்தான் குழி வெட்டுனேன். மத்தப் பயலுக மந்தையோட முந்திப் போய்ட்டாக. வந்து சொல்லுறதுக்கு எனக்கு மனசுல தைரியமில்லாமப் போச்சு... அவன் பொஞ்சாதி எங்க? இருக்காளா?"

யாரும் கை காட்டவில்லை. காட்டாமலே அவனுக்குத் தெரிந்துவிட்டது. துண்டைத் தலையிலிருந்து உருவி இடுப்பில் கட்டிக்கொண்டான்.

அழகுத்தாய் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கூறின் ஈரல் மேல் ஈ உட்கார்ந்து எழுந்தது. புளியரை. மலையைக்கூட ஏறவில்லை. புனலூர் மரக்கடையும் அந்த ஊர் ஒருத்தியும், அவள் எத்தனையோ நாள் மனசுக்குள் மாறி மாறிச் சண்டை போட்ட அந்த இரண்டும், மலைக்கு அந்தப் பக்கம் அப்படியே காணாமல் போயின. அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. தொண்டையில் முந்தின கறியின் காரம் இன்னும் இருப்பதுபோல இருந்தது.

நல்லகண்ணு சுளகுக்குள் கைவிட்டு லாடத்தை எடுத்தார். கீழேயும் வைக்கவில்லை, பாயிலும் வைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டே அவளைப் பார்த்தார். தெரு முழுக்க அவளைப் பார்த்தது. மறு கையில் கத்தி இருந்தது. அரைக் கூறு என்றால் ஒரு கூறை இரண்டாக வெட்ட வேண்டும். வெட்டிவிட்டால் அப்புறம் ஒட்டாது.

ஏதாவது சொல்லியாக வேண்டும். நாக்கு முந்திக்கொண்டது.

"போன மாசங்கூட வந்து தின்னுட்டுத்தான போனாக" என்றாள். சொல்லும்போதே குரல் உடைந்தது அவளுக்கே கேட்டது.

பால்சாமி வாயைத் திறந்தான். இளந்தாரி தரையைப் பார்த்தான். அதற்குள் சௌந்தரம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, தன் வீட்டுக்காரர் கையிலிருந்த லாடத்தைப் பிடுங்கி, திமில் இருந்த கூறின் மேல் வைத்தாள். பிறகு இடுப்பில் கை வைத்து அழகுத்தாயைத் திட்டினாள்.

"போன மாசமா? ஏண்டி அழகு, ஒனக்குப் புத்தி கித்தி பெசகிப் போச்சா? மார்கழியில இந்தத் தெருவுல எவன் மாடு அறுத்தான்? அவுக வந்தது கார்த்திகையில. செவுத்துக்கு இங்கிட்டுப் படுத்திருந்த எனக்குல்ல தெரியும், அன்னைக்கு அம்புட்டு இருமலு!"